வீட்டுக்காரர் நம்மட ஆள்தான், சுவரும் நனைந்துதான் இருக்கிறது

கிழக்கு லண்டனில் ஒரு வரிசை வீட்டின் மேல்மாடியில் ஆறு வருடம் வாடகைக்கு இருந்தோம். இரண்டாவது குளிர்காலம், மார்கழி விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் தொடங்குகிற அன்று மகனுடைய பிளேசரை அலுமாரியில் இருந்து எடுத்தேன். முதுகுப்பக்கம் சாம்பல் தூள் படிந்த மாதிரி இருந்தது. தட்டிப் பார்த்தேன், போகவில்லை, கையில் அப்பிக்கொண்டது. நானும் மனுசனுமாக அலுமாரியை இழுத்துப் பார்த்தால் பின்பக்கச் சுவரில் இடுப்பளவு உயரத்துக்குக் கறுப்புப் பூஞ்சணம்.

வீட்டுக்காரர் எங்கள் ஊர்ப்பக்கத்து ஆள். கோயிலில் கண்டால் நின்று சுகம் விசாரிப்பார். அன்று பின்னேரமே போன் எடுத்துச் சொன்னேன். "தங்கச்சி, யன்னலைத் திறந்து விடுங்கோ, உடுப்புகளை உள்ளுக்குக் காயப்போடாதேங்கோ, எல்லாம் சரிவரும்" என்றார். நானும் "சரி அண்ணை" என்று வைத்துவிட்டேன். அந்தச் சுவர் காய்வதற்கு அதற்குப் பிறகு 18 மாதம் எடுத்தது. அதில் 14 மாதம் என்னுடைய "சரி அண்ணை"யிலேயே போனது.

இப்போது வேலையிடத்தில் யாருக்காவது வீட்டுப் பிரச்சினை என்றால் என்னிடம் போனை நீட்டிப் படம் காட்டுகிறார்கள். நான் சட்டத்தரணி இல்லை. அடிபட்டுப் படித்ததைத்தான் சொல்கிறேன். இங்கே சொல்வது இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் இருப்பவர்களுக்குச் சட்டம் வேறு.

போனில் சொன்னதற்குச் சாட்சி இல்லை

1985 ஆம் ஆண்டு வீட்டுக்காரர் - வாடகையாளர் சட்டத்தின் 11 ஆம் பிரிவுதான் அடிப்படை. ஏழு வருடத்துக்குக் குறைந்த வாடகை எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். நம் ஆட்கள் இருக்கிற வீடுகள் கிட்டத்தட்ட எல்லாமே அதற்குள் வந்துவிடும். கூரை, சுவர், யன்னல், வெளிக்கதவு, வடிகால், கூரைப் பீலி இதெல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. தண்ணீர், காஸ், மின்சாரம், ரொய்லெட், குளியல் தொட்டி, குசினி சிங்க், போய்லர், ரேடியேட்டர் இவையும் அவருடையவை. "எல்லாத் திருத்த வேலையும் வாடகைக்கு இருப்பவரே செய்ய வேண்டும்" என்று ஒப்பந்தத்தில் எழுதி நீங்கள் கையெழுத்து வைத்திருந்தாலும், இந்த விஷயங்களில் அந்த வரி செல்லாது.

ஆனால் ஒன்று. வீட்டுக்குள் இருக்கிற பழுதைத் திருத்தும் கடமை, அதை அவருக்குத் தெரியப்படுத்திய நாளில் இருந்துதான் தொடங்குகிறது. அதற்குப் பிறகு அவருக்கு நியாயமான அவகாசம் உண்டு. பங்குனியில் போனில் சொன்னீர்கள், அவர் ஐப்பசியில்தான் கேள்விப்பட்டேன் என்கிறார் என்றால் யார் சொல்வதை நம்புவது? நம் ஆட்களோடு இதுதான் வில்லங்கம். நம்ம ஆள்தானே, எழுதினால் கோபிப்பாரே என்று எல்லாவற்றையும் வாயால் கதைத்து முடிக்கிறோம். வாடகையும் கையில் காசாகக் கொடுக்கிறோம். பிறகு எல்லாம் காற்றோடு போய்விடுகிறது.

ஆகவே முதல் வேலை, எழுதுவது. மின்னஞ்சல் நல்லது. வட்ஸ்அப்பும் பரவாயில்லை, குரல் பதிவு மட்டும் வேண்டாம். ஏற்கெனவே போனில் கதைத்துவிட்டீர்களா? அதே நாளில் "அண்ணை, காலமை கதைத்தது ஞாபகத்துக்கு" என்று தொடங்கி விஷயத்தை எழுதி அனுப்புங்கள். மரியாதையும் கெடாது, தேதியும் பதிவாகிவிடும்.

ஏஜென்ட் ஒருவர்தான் வாடகை வாங்குகிறார், வீட்டுக்காரர் யாரென்றே தெரியாது என்றால், அவருடைய பெயரையும் விலாசத்தையும் எழுத்தில் கேளுங்கள். 21 நாட்களுக்குள் ஏஜென்ட் தந்தாக வேண்டும். அதே 1985 சட்டத்தின் முதல் பிரிவே இதுதான்.

நான் அனுப்பிய கடிதம்

14 மாதம் கழித்து நான் எழுதியது கிட்டத்தட்ட இப்படி. ஆங்கிலத்தில் எழுதினேன், பெரிய ஆங்கிலம் ஒன்றும் இல்லை:

"மேல்மாடிப் பின்னறையின் வெளிச்சுவர் நனைந்து பூஞ்சணம் பிடித்திருக்கிறது. சென்ற வருடம் தை மாதம் முதல் தடவையாகப் போனில் சொன்னேன். மழை பெய்த மறுநாள் ஈரம் கூடுகிறது. அறையை இப்போது பாவிக்க முடியவில்லை, பிள்ளை எங்களோடு படுக்கிறான். ஒன்பது படங்கள் இணைத்திருக்கிறேன். காரணத்தைப் பார்த்துத் திருத்தித் தாருங்கள். 14 நாட்களுக்குள் எப்போது பார்க்க வருவீர்கள் என்று எழுதுங்கள். செவ்வாய், வியாழன் பகல் முழுக்க வீட்டில் இருப்பேன்."

இதில் கோபம் இல்லை, வழக்குப் போடுவேன் என்ற வெருட்டல் இல்லை. எந்த அறை, எந்தச் சுவர், எப்போதிருந்து, அதனால் எங்களுக்கு என்ன கஷ்டம், எப்போது வரலாம், அவ்வளவுதான். கடைசி வரி முக்கியம். "வந்தோம், கதவைத் திறக்கவில்லை" என்ற கதைக்கு அது இடம் வைக்காது. பார்க்க வருவதென்றால் அவர் 24 மணித்தியாலம் முன்பு எழுத்தில் சொல்ல வேண்டும், நியாயமான நேரத்தில் வர வேண்டும். நாங்களும் உள்ளே விட வேண்டும்.

போய்லர் நின்றுவிட்டது, சுடுதண்ணீர் இல்லை, மின்சாரத்தில் பொறி பறக்கிறது என்றால் 14 நாள் கொடுக்காதீர்கள். அதெல்லாம் நாள் கணக்கில் முடிக்க வேண்டியவை. காஸ் மணம் வந்தால் வீட்டுக்காரருக்கு எழுதிக்கொண்டிருக்காமல் வெளியே வந்து காஸ் அவசர சேவைக்கு அடியுங்கள்.

"நீங்கள் யன்னல் திறக்கிறதில்லை"

ஈரம், பூஞ்சணம் என்றதும் வரும் முதல் பதில் இதுதான். பாதி வீடுகளில் வாடகைக்கு இருப்பவர்களே இதை நம்பியும் விடுகிறார்கள். நான் நம்பினேன். மாமரம் இல்லாத நாட்டில் மாசி மாதக் குளிருக்குள் யன்னலைத் திறந்துவைத்துப் போர்வைக்குள் இருந்திருக்கிறேன்.

ஈரம் மூன்று விதமாக வரும். சமையல், குளியல், மூச்சு இவற்றின் நீராவி குளிர்ந்த சுவரில் பட்டுத் தண்ணீராவது ஒன்று. இது மூலைகளிலும் யன்னல் ஓரத்திலும் அலுமாரிக்குப் பின்னாலும் கறுப்புப் புள்ளிகளாகத் தெரியும். வெளியில் இருந்து மழைத்தண்ணீர் சுவருக்குள் இறங்குவது இரண்டாவது. இது ஒரு திட்டாக இருக்கும், மழைக்குப் பிறகு பெரிதாகும். மூன்றாவது நிலத்தில் இருந்து ஏறுவது. கீழ்மாடியில், சுவரின் அடியில், ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்துக்குள் உப்புப் பூத்த கோடு மாதிரி நிற்கும்.

வித்தியாசம் பிடிக்க ஒரு சின்ன வேலை செய்யலாம். குசினியில் இருக்கிற அலுமினியத் தாளில் ஒரு துண்டு வெட்டி, சுவரைத் துடைத்துக் காயவிட்டு, நாலு பக்கமும் காற்றுப் போகாமல் டேப் போட்டு ஒட்டுங்கள். ஒன்றிரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் வெளிப்பக்கம், அதாவது அறைப்பக்கம், வியர்த்திருந்தால் அது அறைக் காற்றின் ஈரம். கழற்றும்போது தாளின் உள்பக்கம், சுவரோடு ஒட்டிய பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவரில் இருந்து வருகிறது. எனக்கு உள்பக்கம் நனைந்திருந்தது. படம் எடுத்தேன், அன்றைய பத்திரிகையைப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு. கடத்தல்காரர் படம் மாதிரி இருக்கிறது என்று மனுசன் சிரித்தார்.

அதோடு ஒரு கலண்டர் வாங்கிக் குசினியில் தொங்கவிட்டு, மழை பெய்த நாளில் "ம" என்றும் சுவர் நனைந்த நாளில் "சு" என்றும் எழுதினேன். ஆறு கிழமையில் ஒவ்வொரு "ம"வுக்கும் அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ ஒரு "சு" இருந்தது. பிறகு மழை பெய்யும்போது குடையோடு பின்வளவுக்குப் போய் அண்ணாந்து பார்த்தேன். பீலி இரண்டு துண்டு சேரும் இடத்தில் விலகி, தண்ணீர் நேரே சுவரில் வழிந்துகொண்டிருந்தது. யன்னலைத் திறந்தால் பீலி ஒட்டுமா?

சரி, உங்களுக்கு வந்திருப்பது முதலாவது வகையாகவே இருந்தாலும் அடங்கிப்போக வேண்டியதில்லை. 2018 இல் வந்த சட்டம் ஒன்று, வாடகை வீடு தொடக்கத்திலும் இருக்கும் காலம் முழுவதும் மனிதர் வாழத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்கிறது. பழுது எதுவும் இல்லாவிட்டாலும், காற்றோட்டமோ வெப்பக்காப்போ இல்லாமல் கட்டியதால் பூஞ்சணம் பிடிக்கிற வீடும் அதற்குள் அடங்கும். சமைப்பதும் குளிப்பதும் உடுப்புக் காயப்போடுவதும் சாதாரண வாழ்க்கை. வாடகையாளரின் வாழ்க்கை முறையைக் குற்றம் சொல்லிக் கைகழுவக் கூடாது என்று 2023 இல் அரசாங்கம் வெளியிட்ட ஈரம், பூஞ்சணம் பற்றிய வழிகாட்டலிலேயே இருக்கிறது. ரொச்டேலில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுப் பிள்ளை 2020 இல் வீட்டுப் பூஞ்சணத்தால் இறந்த பிறகுதான் இந்த நாட்டுக்குக் கொஞ்சம் கண் திறந்தது. அந்தப் பிள்ளையின் பெயரில் வந்த, இத்தனை நாளுக்குள் பார்த்துத் திருத்த வேண்டும் என்று கெடு வைக்கும் சட்டம், 2025 ஐப்பசியில் சமூக வீடுகளுக்கு (உள்ளூராட்சி சபையான கவுன்சிலும் வீட்டுச் சங்கங்களும் வாடகைக்கு விடுபவை) நடைமுறைக்கு வந்தது. தனியார் வாடகைக்கும் அதை நீட்டிக்க 2025 ஆம் ஆண்டு வாடகையாளர் உரிமைச் சட்டத்தில் வழி வைத்திருக்கிறார்கள்.

உங்கள் பக்கத்தில் செய்ய வேண்டியதையும் செய்யுங்கள். குளிக்கும்போது காற்றாடியைப் போடுங்கள், சட்டியை மூடிச் சமையுங்கள், அலுமாரியைச் சுவரில் இருந்து ஒரு கை தள்ளி வையுங்கள். துடைக்க முதல் படம் எடுங்கள். நான் வெட்கத்தில் முதலில் துடைத்துவிட்டு, பிறகு வெறும் மஞ்சள் கறையைப் படம் எடுத்தேன். பிள்ளைக்கு இழுப்பு, இருமல் என்றால் ஜிபியிடம், அதாவது குடும்ப டாக்டரிடம், போகும்போது வீட்டுப் பூஞ்சணத்தைப் பற்றியும் சொல்லுங்கள், அது மருத்துவக் குறிப்பில் ஏறட்டும். பழுதாய்ப்போன மெத்தை, உடுப்பு, சப்பாத்து எல்லாவற்றையும் எறிய முதல் படம், பற்றுச்சீட்டு.

வாடகையை நிறுத்தாதீர்கள்

கோபத்தில் எல்லாரும் முதலில் சொல்வது, "திருத்தட்டும், பிறகு வாடகை தாறன்." இதில்தான் ஆட்கள் விழுகிறார்கள். வீடு எவ்வளவு மோசமாக இருந்தாலும் வாடகைப் பாக்கி தனி விஷயம். மூன்று மாத வாடகை பாக்கி நின்றால் நீதிமன்றத்தில் வீட்டை மீட்க அவருக்குப் பலமான காரணம் ஒன்றை நீங்களே கையில் கொடுத்ததாகிவிடும். நீங்களே திருத்திவிட்டு வாடகையில் கழிக்கிற முறை ஒன்று இருக்கிறது. முன்கூட்டியே எழுதி, பல விலைக்கோரல்கள் எடுத்து அனுப்பி, அவகாசம் கொடுத்து, படிப்படியாகச் செய்ய வேண்டும். ஒரு படி பிசகினாலும் பாக்கி என்றே கணக்காகும். ஆலோசனை கேட்காமல் தொடாதீர்கள்.

காசாகக் கொடுப்பவர்கள் இந்த மாதத்தில் இருந்தே வங்கிக்கு மாறுங்கள். ஒத்துக்கொள்ள மாட்டார் என்றால், கொடுத்த அன்றே "இன்று வாடகை தந்தேன்" என்று தொகையோடு வட்ஸ்அப்பில் ஒரு வரி போடுங்கள். எழுத்தில் ஒப்பந்தமே இல்லை என்று பயப்படுகிறவர்களுக்கும் சொல்கிறேன்: வாய்ப்பேச்சில் எடுத்த வீடும் வாடகை வீடுதான். மேலே சொன்ன கடமைகள் அப்படியே பொருந்தும்.

கவுன்சிலுக்குப் போவது

என் கடிதத்துக்கு நாலு கிழமை பதில் இல்லை. ஒரு நினைவூட்டல் அனுப்பினேன். அதற்கும் இல்லை. அப்புறம் கவுன்சிலின் இணையத்தளத்தில் தனியார் வாடகை வீடுகளைக் கவனிக்கும் சுற்றாடல் சுகாதாரப் பகுதிக்கு முறைப்பாடு போட்டேன். இதுதான் பலர் அறியாத கதவு. கவுன்சில் வீட்டில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் கவுன்சில் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

2004 ஆம் ஆண்டு வீட்டுச் சட்டப்படி அவர்கள் பல வகை ஆபத்துகளைப் பார்க்கிறார்கள். ஈரமும் பூஞ்சணமும், கடும் குளிர், மின்சாரம், தீ, விழுந்து அடிபடும் படிகள், ஆள் நெருக்கம் எல்லாம் அதில் இருக்கின்றன. முதலாம் தரத்து, அதாவது மிகக் கடுமையான, ஆபத்து என்று மதிப்பிட்டால் கவுன்சில் நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டும். அதற்குக் குறைந்தால் எடுக்கலாம், எடுக்காமலும் விடலாம். திருத்தும்படி அவர்கள் கொடுக்கும் அறிவித்தலை வீட்டுக்காரர் மீறினால் அது குற்றம், பெரிய தண்டப்பணம் வரும். அந்தக் கட்டத்தில் கட்டிய வாடகையில் ஒரு பகுதியைத் திருப்பிக் கேட்டு நீங்கள் தீர்ப்பாயத்துக்கும் போகலாம்.

உண்மையைச் சொன்னால், கவுன்சில் மெதுவாகத்தான் வரும். நான் இரண்டு தடவை மறுபடி எழுதினேன். முதல் முறைப்பாட்டிலேயே கடிதப் பிரதி, படங்கள், மழைக் கலண்டர், ஐந்து வயதுப் பிள்ளை அந்த அறையில் படுத்தது எல்லாவற்றையும் போட்டிருந்தேன். வந்த பெண்மணி ஈரமானியைச் சுவரில் குத்தி, வெளியே போய்ப் பீலியை ஒரு பார்வை பார்த்து, என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "எழுத்தில் எப்போது அறிவித்தீர்கள்?" மின்னஞ்சலைக் காட்டினேன். அதற்கு முந்திய 14 மாதத்துக்குக் காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை.

அன்றிரவு வீட்டுக்காரர் போன். "என்னட்டச் சொல்லியிருக்கலாமே தங்கச்சி, கவுன்சிலுக்கு ஏன் போனனீங்கள்?" கோபம் இல்லை, மனவருத்தம். அது இன்னும் கஷ்டமாக இருந்தது. "சொன்னனான் அண்ணை, உங்களுக்கு அனுப்பின ஈமெயிலை ஒருக்காப் பாருங்கோ" என்றேன்.

வீட்டை விட்டு எழுப்பிவிடுவார்களா?

எங்கள் காலத்தில் அந்தப் பயம் நியாயமானது. காரணமே சொல்லாமல் இரண்டு மாத நோட்டீஸில் எழுப்ப முடிந்தது. 1988 ஆம் ஆண்டு வீட்டுச் சட்டத்தின் 21 ஆம் பிரிவு என்று சொல்லி வெருட்டியது இதைத்தான். 2026 மே 1 முதல் தனியார் வாடகையில் அது இல்லை. எழுப்புவதென்றால் சட்டம் சொல்லும் காரணம் ஒன்று வேண்டும், நீங்கள் போகாவிட்டால் நீதிமன்றக் கட்டளை வேண்டும். வீட்டை விற்கவோ தாங்களே குடிவரவோ போகிறோம் என்று சொல்லலாம். அதற்கும் நீங்கள் குடிவந்து 12 மாதம் கழிய வேண்டும், நாலு மாத நோட்டீஸ் வேண்டும். பழிவாங்க வாடகையைக் கூட்டினால், அதுவும் வருடத்துக்கு ஒரு தடவைதான், இரண்டு மாத நோட்டீஸோடு. கூடுதல் என்று பட்டால் தீர்ப்பாயத்தில் கேட்கலாம். பூட்டை மாற்றுவது, மின்சாரத்தை வெட்டுவது, சாமானை வெளியே வைப்பது 1977 ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

வீட்டுக்காரர் அதே வீட்டில் இருந்து, குசினியையும் குளியலறையையும் பகிர்ந்து, உங்களுக்கு அறை மட்டும் தந்திருந்தால் கதை வேறு. புதிதாக வருகிற பெடியள் பலர் இப்படித்தான் இருக்கிறார்கள். அவர்களுக்கு எழுப்புவதற்கெதிரான பாதுகாப்பு மிகக் குறைவு, நீதிமன்றமே போகாமல் நியாயமான நோட்டீஸோடு போகச் சொல்லலாம். கடிதம் எழுத முதல் ஷெல்டர் அமைப்பிடமோ சிட்டிசன்ஸ் அட்வைஸிடமோ கதையுங்கள், ஆலோசனை இலவசம், மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். விசாச் சிக்கல் உள்ளவர்களும் கவுன்சிலுக்கு முன் அங்கே கேட்பது நல்லது.

நீதிமன்றம் கடைசி. அங்கே திருத்தச் சொல்லிக் கட்டளையும் நட்டஈடும் கேட்கலாம். வழக்குக்கு முன் முறைப்படி ஒரு கடிதம் அனுப்ப வேண்டும், அவர் பதில் சொல்ல 20 வேலை நாட்கள். நட்டஈடு கேட்க ஆறு வருட அவகாசம் இருப்பதால், வீட்டை விட்டுப் போன பிறகும் கேட்கலாம். "வெற்றி பெற்றால்தான் காசு" என்று கதவு தட்டும் ஆட்களிடம் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். வெற்றி பெற்றாலும் எவ்வளவு கழிப்பார்கள், தோற்றால் மற்றப் பக்கச் செலவு யார் தலையில் என்பதை எழுத்தில் கேளுங்கள்.

எங்களுக்கு அவ்வளவு தூரம் போகவில்லை. கவுன்சில் கடிதம் போய் மூன்றாவது கிழமை ஏணியோடு ஒருவர் வந்தார். பீலியின் இணைப்பை மாற்ற அவருக்கு அரை நாள்கூடப் பிடிக்கவில்லை. சுவர் காய்ந்து, பழைய பூச்சைக் கொத்தி, திரும்பப் பூச இன்னும் இரண்டு மாதம். நான் அடுத்த மழைக்கு மறுபடி ஒரு அலுமினியத் துண்டை ஒட்டினேன். உள்பக்கம் காய்ந்திருந்தது. அதையும் தேதியோடு படம் எடுத்து, டிப்பொசிட் திரும்பக் கைக்கு வரும்வரை அழிக்காமல் வைத்திருந்தேன்.